கீழ்முனைக்குப் போகும் குழாய்

ஐஸ் கூழில் கிடக்கிறது
தருலதாவின் இடது சிறுநீரகம்.
கழுவிக் கழுவி ரத்தமெல்லாம் போய்
வேகவைத்த பலாக்கொட்டை நிறம்.

ஹைலம் என்று நாங்கள் சொல்லும் பள்ளத்தில்
ஒரு சிரை, ஒரு தமனி, பின்னால் சிறுநீர்க்குழாய்.
போக வர ஒரே வாசல்.
நல்ல ரத்தம் நுழையும் இடத்திலேயே
வேலை முடிந்த ரத்தம் வெளியேறும்,
கழிவும் அதே படியில் இறங்கும்.
செருப்புக் கழற்றவும் இடமில்லாத வாசல்.

மொச்சை உரிக்கும்போது விரலில் தட்டுப்படுமே
காம்பு விட்ட தழும்பு,
அதற்கும் இதே பெயர்தானாம்.
மயக்க மருந்து டாக்டர் பரூச்சா சொன்னார்,
லத்தீனில் அற்பம் என்று அர்த்தமாம்.
அற்பத்தின் முன்னால்
நாலு மணி நேரமாக நிற்கிறோம்.
எனக்குக் குதிகால் வீங்கிவிட்டது.

"அவுர் ஏக் ஹை" என்றார் சர்ஜன்.

வாசலை மதிக்காமல்
கீழ்முனையில் தனியாக நுழைகிறது
சேமியா பருமனில் ஒரு தமனி.
ஸ்கேனில் தெரியவில்லை.
முடிச்சுப் போட்டால் ஒரு மணி நேரம் மிச்சம்.
முடிச்சுப் போட்டு,
சிறுநீர்க்குழாய்க்குச் சோறு போடுவது
அதுதான் என்று பிறகு தெரிந்தால்?

ஆண்டாப் ஹில்லில் எங்கள் அறைக்கும் ஒரே வாசல்.
நிலைக்கு மேலே ஓர் ஓட்டை,
கரண்ட் ஒயர், கேபிள், தண்ணீர்க் குழாய்
மூன்றும் அதில்தான் நெருக்கியடித்து வரும்.
பாத்திரம் கழுவிய தண்ணீர்
நிலைக்குக் கீழே வெளியே போகும்.
போன மே மாதம் குழாய் வறண்டபோது
பின் ஜன்னல் கம்பிக்குள்
பச்சை ஹோஸ் ஒன்றைத் திணித்தாள் பேச்சிக்கனி.
நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.
விடிகாலை நாலே முக்காலுக்குத் திறப்பாள்.
ஐந்து குடம் நிறைந்ததும்
ஹோஸை ஒரு தட்டு தட்டினால் மூடுவாள்.

முனிசிபாலிட்டி ஆள் வந்தான்,
"கணக்கில் இல்லாத லைன்" என்றான்.
அறுத்துச் சுருட்டி எடுத்துப் போனான்.
மறுநாள் நாலே முக்கால்,
அதே கம்பி, நீல ஹோஸ்.

சர்ஜன் கை நீட்டினார்.
தலைமுடியைவிட மெலிந்த நூலைக் கொடுத்தேன்.
பதினோரு தையல்.
ஏசி சத்தம்கூட அதிகமாகத் தோன்றிய நேரம்.

கிரிட் பாயின் வலது அடிவயிற்றில் வைத்து
பெரிய கிளாம்பை எடுத்ததும்
மேலிருந்து சிவந்து வந்தது.
கீழ்முனை மட்டும் சாம்பல்.
சின்ன கிளாம்பை எடுத்தார்.
அங்கேயும் மெல்ல ஏறியது நிறம்.
பிறகு பச்சைத் துணியின்மேல்
சுர்ரென்று முதல் சிறுநீர்.
யாரோ கை தட்டப் போய் நிறுத்திக்கொண்டார்கள்.

நரம்புகளை யாரும் தைப்பதில்லை.
தமனியைக் கொடிபோலச் சுற்றி
அதே வாசலில் வந்தவைதான் அவையும்.
அறுந்தது அறுந்ததுதான்.
யார் வயிற்றில் இருக்கிறோம் என்று
இதற்குச் சொல்ல ஆளில்லை.
சொல்லாமலே வடிகட்டுகிறது.

காட்கோபர் வீட்டுப் பத்திரத்தில்
அண்ணனும் தங்கையும் முறித்துக்கொண்டு
ஒன்பது வருஷம்.
கையெழுத்துப் போட்ட அன்று சொன்னாள் தருலதா,
"கிட்னி தருகிறேன். பேசமாட்டேன்."

நாலாம் நாள் அவள் வார்டு வழியே போனேன்.
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.
"எவ்வளவு?"
யாருக்கு, எது என்று கேட்கவில்லை நான்.
"மூன்று லிட்டர், நேற்று மட்டும்."
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
"தண்ணீரே குடிக்கமாட்டான் அவன்" என்றாள்,
சுவரிடம்.